பாட்டி வீட்டுத் தேக்கு மேஜையில வெள்ளை வட்டம், கறுப்புத் திட்டு: மிஷின் போட்டுத் தேய்க்கணுமா?

நீங்க கேட்டது இதுதான்: பாட்டி வீட்டுலேருந்து ஒரு தேக்கு மேஜை வந்திருக்கு, மேல டம்ளர் வெச்ச வெள்ளை வட்டம் நாலஞ்சு, பூந்தொட்டி இருந்த இடத்துல கறுப்பா ஒரு திட்டு, ஒரு ஓரமா மஞ்சள் கறை, கூட வந்த ஊஞ்சல் பலகையும் கை வெச்ச நாற்காலியும் தொட்டா பிசுபிசுங்குது, பாக்க வந்த பாலிஷ்காரர் மிஷின் வெச்சு மொத்தமா தேச்சுட்டு பி.யூ (பாலியூரிதேன் பாலிஷ்) அடிச்சா புதுசு ஆயிடும்னு சொல்லிட்டார், செய்யலாமா? வேண்டாம். தயவுசெஞ்சு அவசரப்பட்டு அதுக்கு ஒத்துக்காதீங்க. நீங்க சொல்றதுல முக்கால்வாசி மேஜையைத் தேய்க்காமலே சரியாகுற விஷயம், மீதி கால்வாசிக்கும் மிஷின் மருந்து இல்ல.

பழைய தேக்குக்கு இருக்குற அந்தத் தேன் கலர் மரத்தோட மேல்தோல்ல மட்டும்தான் இருக்கு. வெளிச்சமும் காத்தும் பட்டுப் பட்டு அம்பது அறுபது வருஷத்துல வந்தது, மிஷின் அஞ்சு நிமிஷத்துல எடுத்துடும், உள்ள வெளிறின மரம் வந்துடும், அதை மறைக்க கலர் ஸ்டெயின் அடிப்பாங்க, கடைசியில ஷோரூம்ல நேத்து வாங்கின மேஜைக்கும் இதுக்கும் வித்தியாசமே இருக்காது. ஓரத்துல கடைசல், இழைப்பு வேலை இருந்தா அதோட முனையெல்லாம் மழுங்கிடும். அதைவிட மோசம், மேல்பலகை முழு மரமா இல்லாம வெனீர் ஒட்டினதா இருந்தா (பலகையோட விளிம்பைக் குனிஞ்சு பாருங்க, மேல இருக்குற ரேகை விளிம்புலயும் தொடர்ந்து வந்தா முழு மரம், மேல மட்டும் மெல்லிசா ஒரு தகடு தெரிஞ்சா வெனீர்) மிஷின் அதைக் கிழிச்சுக்கிட்டு உள்ள போயிடும், அப்புறம் யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது.

சரி, என்ன பண்றது. மொதல்ல கறை எந்த அடுக்குல இருக்குன்னு பாக்கணும். மேஜைமேல மூணு அடுக்கு இருக்கு: மேல அழுக்கும் எண்ணெயும் மெழுகும், அதுக்குக் கீழ பாலிஷ், அதுக்கும் கீழ மரம். வெள்ளையா தெரியுற கறை பெரும்பாலும் பாலிஷ்லயே நின்னுடுது. கறுப்பா தெரியுறது பாலிஷைத் தாண்டி மரத்துக்குள்ள இறங்கினது. பிசுபிசுப்பு மேல் அடுக்கு. இந்த ஒரு விஷயம் புரிஞ்சுட்டா எதுக்கு எவ்வளவு தூரம் போகணும்னு தன்னால தெரிஞ்சிடும், எந்த அடுக்குல கறை இருக்கோ அதுக்குக் கீழ கையே வெக்கக் கூடாது.

அடுத்தது, மேல இருக்குறது என்ன பாலிஷ். இதைக் கேட்காமலே மருந்து சொல்றவங்க பேச்சை நம்பாதீங்க. மேஜைக்கு அடியில, இல்ல டிராயருக்குப் பின்னால, கண்ணுல படாத ஒரு இடமா பாத்து டர்பன்டைன் நனைச்ச துணியால துடைங்க, மெழுகு இருந்தா போயிடும். அப்புறம் காது குடையுற பஞ்சுக் குச்சியை பாலிஷ் போட வாங்குற ஸ்பிரிட்ல நனைச்சு அந்த இடத்துல ஒரு நிமிஷம் வெச்சு உருட்டிப் பாருங்க. பஞ்சு பழுப்பாகி, அந்த இடம் கையில ஒட்டினா அது அரக்கு, அதாவது பிரெஞ்சு பாலிஷ், ஸ்பிரிட் பாலிஷ்னு சொல்றது. ஸ்பிரிட்டுக்கு அசையலைன்னா என்.சி தின்னர் தொட்டுப் பாருங்க, அதுக்குக் கரைஞ்சா நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். நம்ம ஊர் பெயிண்டர்கள் டூகோன்னு சொல்றாங்களே, அது 1920கள்ல அமெரிக்காவுல டூபான்ட் கம்பெனி கார்களுக்காகக் கொண்டுவந்த இதே வகைப் பெயிண்டோட பேரு. ரெண்டுக்கும் அசையலைன்னா மெலமின் (அதுவும் ஒரு கெட்டியான ரெசின் பாலிஷ்), பி.யூ, இல்ல எண்ணெய் வார்னிஷ். ஒரு சொட்டுத் தண்ணி விட்டதும் மரம் உடனே குடிச்சுக் கறுத்தா அங்க பாலிஷே மிச்சமில்லன்னு அர்த்தம்.

பாட்டி காலத்துத் தேக்குன்னு சொல்றீங்க, நடுவுல யாரும் மறுபடி பாலிஷ் போடலைன்னா அது அரக்கா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தா சந்தோஷப்படுங்க, ஏன்னா இருக்குற பாலிஷ்லயே ரிப்பேர் பண்ண ரொம்ப ஒத்துழைக்கிறது அரக்குதான். மரக்கிளையில வாழுற சின்னப் பூச்சி விடுற பிசின் அது, நம்ம நாட்டுல ஜார்க்கண்ட் பக்கம்தான் நிறைய, இதை ஆராயவே ராஞ்சி பக்கத்துல நாம்கும்ல 1924ல ஒரு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க. புதுசா ஒரு கோட் போட்டா பழைய கோட்டைக் கொஞ்சம் கரைச்சுக்கிட்டு அதோட ஒண்ணா சேந்துக்கும், அதனால ஒரு இடத்துல மட்டும் சரி பண்ணினா ஒட்டுப்போட்ட மாதிரி தெரியாது. பி.யூ அப்படிச் சேராது, ஒரு இடத்துல கீறினா அந்த இடத்தை மட்டும் சரி பண்றது ரொம்பக் கஷ்டம், பெரும்பாலும் முழுப்பலகையும் தேய்க்கணும். அதே சமயம் அரக்குக்கு மூணு எதிரி: சூடு, ஆல்கஹால் (ஸ்பிரிட்டும் அதுதான்), காரம். கொரோனா சமயத்துல எத்தனை வீட்டுல சானிடைசர் பாட்டில் வெச்ச இடமெல்லாம் பாலிஷ் உரிஞ்சு வெளுத்துப் போச்சு, அது ஆல்கஹால் பண்ணின வேலை. சலவை சோடா, துணி சோப்புத்தூள், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே இதெல்லாம் காரம், அரக்கைக் கரைக்கும், அதனால கிட்டயே கொண்டுபோகாதீங்க. பச்சை ஸ்கிரப்பரும் எலுமிச்சம்பழமும்கூட வேண்டாம்.

இப்போ வேலைக்கு வருவோம். எந்தக் கறையைத் தொடுறதுக்கும் முன்னாடி மொத்தத்தையும் சுத்தம் பண்ணுங்க, பாதிக் கறை அழுக்குன்னு அப்போதான் தெரியும். வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு, பழைய காட்டன் துணியை நனைச்சு நல்லாப் பிழிஞ்சு, ஒரு சாண் ஒரு சாணாத் துடைச்சு அப்பப்பவே காஞ்ச துணியால ஈரத்தை எடுத்துடுங்க. தண்ணி தேங்கவே கூடாது. காஞ்சதும் மினரல் டர்பன்டைன் நனைச்ச துணியால ஒரு தடவை. டர்பன்டைன் அரக்கைக் கரைக்காது, எண்ணெயையும் மெழுகையும் மட்டும் எடுக்கும். ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கோங்க, சாமி விளக்கு எரியுற ரூம்ல இந்த வேலை கூடாது. கதவு ஸ்டிக்கர், கண்ணாடி ஃப்ரேம்ல ஒட்டின ஸ்டிக்கர் பொட்டு, செலோ டேப்போட கோந்து, பிள்ளைங்க கிறுக்கின கிரேயான் இதெல்லாமும் டர்பன்டைனுக்கே வந்துடும். மெழுகுவத்தி சொட்டியிருந்தா ஐஸ் கட்டியை ஒரு கவர்ல போட்டு மேல வெச்சா இறுகிடும், பழைய ஏ.டி.எம் கார்டால தள்ளினா பேந்து வரும்.

வெள்ளை வட்டம். சூட்டுலயோ ஈரத்துலயோ பாலிஷுக்குள்ள ஈரம் புகுந்து மாட்டிக்கிட்டா வெளிச்சம் நேரா உள்ள போகாம சிதறுது, அதான் வெள்ளையா தெரியுது. மரத்துக்கு ஒண்ணும் ஆகல. போன வாரம் விழுந்த வட்டம்னா ஒண்ணும் பண்ணாம சும்மா விட்டுப் பாருங்க, சில சமயம் நாலு நாள்ல தானா மறையும். போகலைன்னா ஹேர் டிரையரைக் குறைஞ்ச சூட்டுல வெச்சு, கையை ஆட்டிக்கிட்டே, தொட்டா வெதுவெதுன்னு இருக்குற அளவுக்கு மட்டும் காட்டுங்க. இஸ்திரிப் பெட்டி வெக்கச் சொல்வாங்க, அதுவும் வேலை செய்யும், ஆனா வேட்டித் துணியை நாலு மடிப்பா மடிச்சு மேல போட்டு, ஸ்டீம் இல்லாம, இருக்குறதுலயே குறைஞ்ச சூடு வெச்சு, ரெண்டு மூணு செகண்ட் ஒத்தி எடுத்து எடுத்துப் பாக்கணும். அரக்கு 75–80 டிகிரி செல்சியஸ்லயே உருகுற சமாச்சாரம், அதுக்கும் கீழயே இளகிடும், ஒரு நிமிஷம் அசந்தா துணி நெசவு பாலிஷ்ல பதிஞ்சுடும். எனக்கு ஹேர் டிரையர்தான் நம்பிக்கை.

அதுக்கும் போகாத வட்டத்துக்கு ரெண்டு வழி இருக்கு. அரக்கா இருந்தா, ஒரு மெல்லிசான துணியில ஸ்பிரிட்டை சும்மா காட்டி (பிழிஞ்சா ஒரு சொட்டுகூட வரக்கூடாது, கையில வெச்சா சில்லுன்னு இருக்கணும், அவ்வளவுதான்) வட்டத்துமேல ஒரே தடவை வேகமா இழுத்துட்டு எடுத்துடுங்க. நிறுத்தாதீங்க, திரும்பத் தேய்க்காதீங்க. மேல்தோல் லேசா இளகி ஈரம் வெளியேறி, பாத்துக்கிட்டு இருக்கும்போதே வெள்ளை மறையும். ஒரு நிமிஷம் காயவிட்டு வேணும்னா இன்னொரு தடவை. இன்னொரு வழி தேய்ச்சு எடுக்குறது, இது எல்லா வகை பாலிஷுக்கும் ஆகும். அடுப்புச் சாம்பலை மல்துணியில சலிச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய்ல குழைச்சு, விரல் நுனியில துணி சுத்தி ரேகைப் போக்குலயே மெதுவாத் தேய்க்கணும். சாம்பல் கிடைக்கலைன்னா ஜெல் இல்லாத வெள்ளை டூத்பேஸ்ட், இல்லைன்னா கார் பெயிண்ட் கடையில விக்கிற ரப்பிங் காம்பவுண்ட். இதுல எண்ணெய்க்கு வேற எந்த மகிமையும் கிடையாது, கீறல் விழாம வழுக்கிக்கிட்டுப் போகத்தான், வேலை முடிஞ்சதும் சுத்தமாத் துடைச்சு எடுத்துடணும். இன்டர்நெட்ல மயோனைஸ் தடவி ராத்திரி பூரா விடச் சொல்வாங்க, அதுலயும் வேலை செய்யுறது எண்ணெய்தான், அதுக்கு எதுக்கு முட்டையை மேஜையில பூசணும்.

இப்போ கறுப்புத் திட்டு. இதுக்குத்தான் எல்லாரும் மிஷினைத் தூக்குறாங்க, ஆனா இதுக்கு மிஷின் தேவையே இல்ல, வேதியியல் போதும். மரத்துல துவர்ப்புச் சத்து, அதாவது டானின் இருக்கு, இரும்பும் ஈரமும் அதோட சேந்தா கறுப்பு. கலம்காரித் துணியில கறுப்புக் கோடு எப்படி விழுது? கடுக்காய்ப்பால்ல நனைச்ச துணிமேல வெல்லத்தண்ணியில ஊறின இரும்புத் துருவோட கரைசலால கோடு போடுறாங்க, பட்டதும் கறுத்துடும். உங்க மேஜையில நடந்ததும் அதேதான், தொட்டிக்கு அடியில இருந்த இரும்புத் தட்டோ, இல்ல தண்ணியில இருந்த கொஞ்சூண்டு இரும்போ போதும். துருப்பிடிச்ச ஆணியைச் சுத்தி கறுப்பா இருக்குறதும் இதுதான், அங்க ஆணியை மொதல்ல எடுக்கலைன்னா எத்தனை தடவை எடுத்தாலும் கறுப்பு திரும்ப வரும்.

இதைக் கழட்டுறது ஆக்சாலிக் ஆசிட். மொசைக் தரை பாலிஷ் போடுறவங்க கடைசியில பளபளப்புக்குப் போடுறாங்களே வெள்ளைப் பொடி, அதேதான், கெமிக்கல் கடையிலயும் பெரிய ஹார்டுவேர் கடையிலயும் கிடைக்கும். இரும்பைப் பிடிச்சு தண்ணியில கரையுற உப்பா மாத்திடும், மரத்தோட சொந்தக் கலரைப் பெருசா தொடாது, அதான் இதோட அருமை. ஆனா இது விஷம், உள்ள போனா சிறுநீரகத்தைப் பாதிக்கும், அதனால ரப்பர் கையுறை, கண்ணாடி, மாஸ்க் மூணும் போட்டுக்கிட்டு, பிள்ளைங்களும் நாய் பூனையும் வராத இடத்துல, மொட்டை மாடியிலயோ பின்கட்டுலயோ வெச்சுப் பண்ணுங்க. பிளீச்சிங் பவுடரோ, பாத்ரூம் கழுவுற பிளீச்சோ இதோட எந்தக் காரணத்துக்காகவும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

ஆசிட் மரத்தைத் தொடணும்னா நடுவுல பாலிஷ் இருக்கக் கூடாது. அதனால அந்த மேல்பலகையில மட்டும் பாலிஷை எடுக்கணும், ஸ்பிரிட் நனைச்ச துணியை விரிச்சு மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டு பத்து நிமிஷம் விட்டீங்கன்னா அரக்கு கூழாயிடும், பிளாஸ்டிக் தகடால வழிச்சு எடுத்துட்டு புதுத் துணியில ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சிடுங்க. கால், டிராயர், ஓரத்துக் கடைசல் எதையும் தொட வேண்டாம், அங்க இருக்குற பழைய பாலிஷ் அப்படியே இருக்கட்டும். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல அரை லிட்டர் வெந்நீர் ஊத்தி அதுல 40–50 கிராம் பொடியைப் போட்டுக் கலக்குங்க, தண்ணியில பொடியைப் போடணும், மாத்திப் பண்ண வேண்டாம், இரும்புப் பாத்திரமும் வேண்டாம். நைலான் பிரஷ்ஷால கறைமேல மட்டும் தடவாதீங்க, அந்த இடம் தனியா வெளுத்து வேற ஒரு திட்டு ஆயிடும், முழுப் பலகைக்கும் ஒரே சீராத் தடவி கறை இருக்குற இடத்துல ரெண்டாவது கை கூடுதலாக் குடுங்க. கண்ணு முன்னாடியே கறுப்பு பழுப்பாகி மங்கும். காய விட்டா வெள்ளையா உப்புப் பூக்கும், அதைக் காஞ்ச பிரஷ்ஷால தட்டாதீங்க, தூள் மூக்குல ஏறினா எரியும் இருமல் வரும், ஈரத் துணியால துடைச்சு எடுங்க. கறுப்பு மிச்சம் இருந்தா மறுபடி ஒரு தடவை. முடிஞ்சதும் நிறையத் தண்ணி காட்டித் துடைச்சு, ஒரு லிட்டர் தண்ணியில ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைச்சு ஒரு துடைப்பு, திரும்ப நல்ல தண்ணி ஒரு துடைப்பு, அப்புறம் நிழல்ல ரெண்டு மூணு நாள் காயணும். ஆசிட் உப்பு மரத்துல தங்கிட்டா புதுப் பாலிஷ் அதுமேல ஒழுங்கா நிக்காது, அதனால இந்தக் கழுவுற வேலையில சோம்பல்படாதீங்க.

காஞ்சதும் மரத்து நார் எழும்பி சொரசொரன்னு இருக்கும், 320 நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில சுத்தி ரேகைப் போக்குல ரெண்டு இழுப்பு, அது போதும், மாஸ்க்கைக் கழட்டாதீங்க. எந்த மரத்தூளுமே தொடர்ந்து சுவாசிக்கக் கூடாதது, ஈட்டி மரத் தூள் சிலருக்குத் தோல்ல அரிப்பு கிளப்பிவிடும். இன்னொண்ணு, பாட்டி வீட்டுலேருந்து வந்த சாமான்ல பெயிண்ட் அடிச்ச அலமாரியோ பெட்டியோ இருந்தா அதைக் காஞ்சபடி தேய்க்கவே தேய்க்காதீங்க, வீட்டு பெயிண்ட்ல ஈயத்துக்கு 90 பி.பி.எம்னு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) நம்ம நாட்டுல சட்டப்படி வரம்பு வந்ததே 2017 நவம்பர்லதான், அதுக்கு முந்தின பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம்.

எல்லாக் கறுப்புக்கும் ஆக்சாலிக் போதும்னு நினைக்காதீங்க. பழைய காலத்து மைப்புட்டி மை கொட்டினதுன்னா அதுல இரும்பு இருந்திருக்கும், அதுக்குக் கேட்கும். பால் பாயிண்ட் பேனா மைக்குக் கேட்காது. சூடமோ ஊதுபத்தியோ சுட்ட இடம் கறை இல்ல, கரி, அதைக் கத்தி முனையால மெதுவாச் சுரண்டி எடுத்துட்டுப் பள்ளத்தை அரக்குக் குச்சி உருக்கி நிரப்பணும்.

மஞ்சள் கறைக்கு சோப்பு போடாதீங்க, காரம் பட்டா மஞ்சள் செவந்துடும், சுண்ணாம்புல ஆரத்தி கரைக்கிற வீட்டுல இதைச் சொல்லித் தரவேண்டியதில்ல. மஞ்சளோட கலர்ச்சத்து வெளிச்சம் தாங்காது, ஜன்னல் ஓரமா வெளிச்சம் விழுற மாதிரி கொஞ்ச நாள் போட்டு வெச்சாலே வெளிறிடும், முழுப் பலகைக்கும் வெளிச்சம் சமமா விழணும், மேல துணியோ புத்தகமோ இருந்தா அதோட அச்சு விழுந்துடும். ஸ்பிரிட் மஞ்சளைக் கரைக்கும்தான், ஆனா அரக்கையும் சேத்துக் கரைச்சுப் பரப்பிடும், அதனால பி.யூ, மெலமின் பலகைக்கு மட்டும் அதை வெச்சுக்கோங்க. எப்படியும் நீங்க மேல்பலகை பாலிஷை எடுக்கப் போறீங்க, அதுலயே பாதி மஞ்சள் போயிடும்.

ஊஞ்சல் பலகைக்கும் நாற்காலிக் கைக்கும் வருவோம். அந்தப் பிசுபிசுப்பு தலையெண்ணெயும் வேர்வையும் வருஷக்கணக்கா ஊறி பாலிஷை இளக்கினது. அதுமேல இன்னொண்ணும் நடந்திருக்கும், நம்ம வீடுகள்ல நல்லநாள் பெரியநாள்னா மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பாங்க. அன்னைக்குப் பளபளன்னு இருக்கும், ஆனா தேங்காய் எண்ணெய் காயுற எண்ணெய் கிடையாது, விளக்கெண்ணெயும் கிடையாது, அப்படியே ஈரமா நின்னு தூசியைப் பிடிச்சுப் பிடிச்சு கறுப்புப் பிசின் ஆகுது. காயுற எண்ணெய்னா ஆளி விதை எண்ணெய், காத்துல இருக்குற ஆக்சிஜனைப் பிடிச்சுக்கிட்டு கெட்டியாகுற குணம் அதுக்கு உண்டு. பிசுபிசுப்பை எடுக்க டர்பன்டைன் தொட்டுத் தொட்டுத் துணி மாத்தி மாத்தித் துடைங்க. பாலிஷ் போய் மரத்துக்குள்ளயே எண்ணெய் இறங்கியிருந்தா சாக் பவுடரையோ முல்தானி மட்டியையோ டர்பன்டைன்ல இட்லி மாவுப் பதத்துக்குக் குழைச்சு அரை இஞ்ச் கனத்துக்குப் பூசி பிளாஸ்டிக் ஷீட்டால மூடி ராத்திரி விட்டுடுங்க, மறுநாள் ஷீட்டை எடுத்துக் காயவிட்டு உதுத்தா எண்ணெய் பொடியோட வந்திருக்கும். பழைய பலகைக்கு ரெண்டு மூணு தடவைகூட வேண்டியிருக்கும்.

ஊஞ்சல் பலகைக்கு அரக்குப் பாலிஷ் நான் சொல்ல மாட்டேன். தினமும் ஆள் உக்காந்து எந்திரிக்கிற இடம், வேர்வை தாங்காது. பாயில்டு லின்சீட் ஆயில்னு கடையில கிடைக்கிற ஆளி விதை எண்ணெயைத் துணியில தொட்டு மெல்லிசாப் பூசி, இருபது நிமிஷம் கழிச்சு மேல நிக்கிறதையெல்லாம் துடைச்சு எடுத்து, ஒரு நாள் இடைவெளி விட்டு மூணு தடவை. அந்தத் துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க, இது ரொம்ப முக்கியம், ஆளி எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டின துணிக்குள்ள அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம தானா தீப்பிடிக்கும். கொடியில விரிச்சுப் போட்டுக் காயவிடுங்க, இல்ல தண்ணி வாளியில முக்கி வையுங்க.

மேஜைக்கு அரக்கு. செதில் செதிலா விக்கிற அரக்கு 100 கிராம், ஸ்பிரிட் அரை லிட்டர், கண்ணாடி பாட்டில்ல போட்டு ராத்திரி ஊறவெச்சு அப்பப்போ குலுக்கி, காலையில மெல்லிசுத் துணியில வடிகட்டிக்கோங்க. பாட்டில்மேல தேதி எழுதி ஒட்டுங்க, ஸ்பிரிட்ல கரைச்ச அரக்குக்கு ஆயுசு கம்மி, ஆறு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா ஒரு சொட்டைக் கண்ணாடியில விட்டுப் பாருங்க, மறுநாளும் நகம் பதிஞ்சா தூக்கிப் போட்டுடுங்க, அது மேஜையிலயும் காயாது. கடையில ரெடிமேடா விக்கிற பிரெஞ்சு பாலிஷ்லயும் தேதி பாத்து வாங்குங்க. மரத்துச் சின்னத் துளைகளை அடைக்க சாக் பவுடரும் காவியும் கலந்து பூசுறது நம்ம ஊர் வழக்கம், பழைய மேஜைக்கு அதைத் திரும்பப் பண்ண வேண்டாம், துளையெல்லாம் ஏற்கனவே அடைஞ்சிருக்கும், சாக் பவுடர் அதிகமானா கொஞ்ச வருஷத்துல துளைக்குத் துளை வெள்ளைப் புள்ளியா பல்லிளிக்கும்.

பஞ்சை எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, துவைச்சுத் துவைச்சு நஞ்ச வேட்டித் துணியில சுருக்கம் இல்லாம பொதிஞ்சுக்கோங்க. அரக்கை அதே அளவு ஸ்பிரிட் விட்டு இன்னும் தண்ணியாக்கி, துணியைப் பிரிச்சு உள்ள பஞ்சுல ஊத்தணும், துணி வெளிப்பக்கம் முக்கக் கூடாது. தோசைக்கல்லுல பாதி வெங்காயத்தால எண்ணெய் தேய்ப்போமே, கல்லு மினுங்கணும் ஆனா எண்ணெய் தேங்கக் கூடாது, அந்தக் கைதான் இதுக்கும். நகர்ந்துக்கிட்டே பலகைல இறங்கணும், நகர்ந்துக்கிட்டே வெளியேறணும், நடுவுல நின்னா அந்த இடத்துல கீழ இருக்குற கோட்டும் சேந்து உரிஞ்சு வந்துடும். மொதல்ல ரேகைப் போக்குல நாலஞ்சு கை, அரைமணி விட்டு அடுத்தது, அப்புறம் ஒரு நாள் பூரா ஓய்வு. மறுநாள் இழுக்குதுன்னு தோணினா துணிமேல ஒரே ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுக்கிட்டு சின்னச் சின்ன வட்டமா போங்க. இப்படி ரெண்டு மூணு நாள் போனா அடியிலேருந்து ஒரு ஆழமான மினுமினுப்பு வரும், ஸ்ப்ரே கன்ல அடிக்கிற பளபளப்பு இதுக்கு ஈடு இல்லங்கிறது என் அபிப்பிராயம். புதுசா போட்ட பலகை கால்களைவிட வெளிறித் தெரிஞ்சா ஸ்பிரிட்ல கரையுற கலர் தூள் துளியூண்டு அரக்குலயே கலந்து அடுத்த கோட்ல குடுங்க, மரத்துமேல நேரா கலர் அடிக்காதீங்க, கூடிப்போனா எடுக்க முடியாது, அரக்குல இருந்தா ஸ்பிரிட் தொட்டு எடுத்துடலாம்.

காலம் பாத்துப் பண்ணுங்க. ஐப்பசி கார்த்திகை மழையில சென்னையில அரக்குப் பாலிஷ் போட்டா பூத்துப்போகும், ஸ்பிரிட் ஆவியாகும்போது பலகை குளிர்ந்து காத்துல இருக்குற ஈரம் அதுமேல படிஞ்சு வெள்ளைப் புகை மாதிரி நிக்கும். சித்திரை வெயில்ல மத்தியானம் போட்டா கை நகர்றதுக்குள்ள காஞ்சு கோடு கோடா நிக்கும். தை, மாசி, பங்குனி காலைநேரம் நல்லது, ஃபேன் ஓடக் கூடாது, ஜன்னல் தொறந்திருக்கணும், கிச்சன்ல அடுப்பு எரியக் கூடாது.

போட்டு ரெண்டு மூணு வாரம் போகட்டும், அப்புறம் மெழுகு. தேன்மெழுகைச் சீவி ஒரு கிண்ணத்துல போட்டு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள வெச்சு உருக்கி, அடுப்பை அணைச்சுட்டு வெளிய கொண்டுபோய் மூணு பங்கு டர்பன்டைன் கலந்தா ஆறினதும் வெண்ணெய்ப் பதத்துல நிக்கும். ரொம்ப மெல்லிசாப் பூசி கால்மணி கழிச்சு துணியால தேய்ச்சு விடுங்க, வருஷத்துக்கு ஒரு தடவை போதும். சிலிக்கான் கலந்த பளபளப்பு ஸ்ப்ரே வேண்டாம், பின்னாடி எப்பவாவது பாலிஷ் போடும்போது அந்த இடத்துல மட்டும் பாலிஷ் ஒட்டாம குழிகுழியா விலகி நிக்கும். அரக்குப் போட்ட மேஜையில சுடுபாத்திரம் நேரா வெக்கக் கூடாது, அதனால இதை எழுதுற மேஜையா, புத்தகம் வெக்கிற மேஜையா வெச்சுக்கோங்க. சாப்பாட்டு மேஜையாத்தான் வேணும்னா அதுக்குப் புதுசா ஒண்ணு வாங்கி அதுல பி.யூ அடிங்க, அங்க அது சரியான பாலிஷ், எனக்கு அதுமேல ஒரு கோவமும் இல்ல.

பாட்டி வீட்டு சாமான்ல பர்மா அரக்குப் பெட்டியோ, வட்டமா மூடி போட்ட டப்பாவோ இருந்தா அதுல இந்த ஸ்பிரிட் சோதனை எதுவும் பண்ணாதீங்க. பேர்தான் அரக்கு, அது அங்க ஒரு மரத்துப் பால்லேருந்து செய்றது, பூச்சி அரக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. காஞ்ச மெல்லிசுத் துணியால தூசி தட்டினா போதும். தந்தம், முத்துச்சிப்பி பதிச்ச வேலை இருந்தாலும் நீங்களா கை வெக்காம இந்த வேலை தெரிஞ்சவங்ககிட்டயே குடுங்க.

இதெல்லாம் நானே பண்ண நேரமில்ல, ஆளை வெச்சுத்தான் பண்ணணும்னா அதுலயும் தப்பில்ல, ஆனா அந்தப் பாலிஷ்காரர்கிட்ட இப்படிக் கேளுங்க: மிஷின் வேண்டாம், மேல்பலகையை மட்டும் ஸ்பிரிட் போட்டு உரிச்சு, கறுப்புக்கு ஆக்சாலிக் காட்டி, கையால ஸ்பிரிட் பாலிஷ் போட்டுத் தருவீங்களா, மொதல்ல டிராயர் உள்பக்கம் ஒரு சாண் போட்டுக் காட்டுங்க. கூலி சதுர அடிக் கணக்குல பேசாம நாள் கணக்குல பேசுங்க, சதுர அடின்னா வேகமா முடிக்கத்தான் பாப்பாங்க, இந்த வேலைக்குக் காயுற நேரம்தான் முக்கியம். ஊர்ல அறுபது வயசுக்கு மேல இருக்குற ஆசாரிகள், பழைய பாலிஷ் வேலைக்காரங்களை விசாரிச்சுப் பாருங்க, கையால பாலிஷ் போடத் தெரிஞ்சவங்க அவங்கள்ல இன்னும் இருக்காங்க.